குவாங்சோவில் அறையை நீங்களே எடுங்கள்

முதன்முறையாகச் சீனாவுக்குக் கொள்வனவுக்குச் செல்லும் எமது இளம் வர்த்தகர்கள் புறப்படுவதற்கு முன் மூத்தவர்களிடம் பல விடயங்களைக் கேட்டு அறிந்துகொள்கிறார்கள். எந்தச் சந்தையில் துணி மலிவு, எந்தச் சந்தையில் செருப்பு நல்லது, கொள்கலனில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட் யார், சுங்கத்தில் என்ன தீர்வை வரும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் ஒரே மாதிரியாக வருகிறது. "அதெல்லாம் அவங்க பார்த்துக்கொள்வாங்க நானா."

அந்த "அவங்க" யார் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன். சில வேளை அது பொருள் விற்கும் கம்பனி. சில வேளை கூட்டிப்போகும் தரகர். இன்னும் சில வேளை அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஊரவர். இருபது வருடங்களுக்கு மேலாகக் குவாங்சோவுக்குப் போய்வருபவன் என்ற முறையில் எனது கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் ஒருவர் நடுத்தர விலையில் உள்ள ஒரு ஹோட்டலைத் தானே தெரிவு செய்து, தானே பணம் கட்டி, தான் வாங்கப் போகும் சந்தைக்கு அருகில் தங்க வேண்டும். இது சொகுசுக்காகச் சொல்லப்படுவதல்ல. கொள்வனவின் முதலாவது தீர்மானமே இதுதான்.

இலவச அறையின் விலை

அண்மையில் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். "ரூம் காசு அவங்களே கட்டுறாங்க. எனக்கு மிச்சம்தானே நானா?" கேட்பதற்கு நியாயமான கேள்வியாகவே தெரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் உதாரணத்துக்கு அறை ஓர் இரவுக்கு 300 யுவான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இரவுக்கு 1,500 யுவான். அதே பயணத்தில் நீங்கள் ஒரு இலட்சம் யுவானுக்குப் பொருள் வாங்குகிறீர்கள். சந்தையில் சுற்றி விசாரிக்காத காரணத்தால் நூற்றுக்கு மூன்று வீதம் மட்டும் கூடுதலாகக் கொடுத்தாலும் 3,000 யுவான் போய்விடுகிறது. இலவச அறைக்கு நீங்கள் இரண்டு மடங்கு வாடகை கொடுத்திருக்கிறீர்கள். பற்றுச்சீட்டில் அது அறை வாடகை என்று எழுதப்பட்டிருக்காது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் வர்த்தக விசாவுக்கு அங்கிருந்து ஓர் அழைப்புக் கடிதம் தேவைப்படுகிறது. கடிதம் தருபவர் அறையையும் ஒழுங்கு செய்து தருகிறார். அறை பெரும்பாலும் அவருடைய காரியாலயத்துக்கு அருகில் இருக்கும், சந்தைக்கு அருகில் இருக்காது. காலையில் வாசலில் வாகனம் நிற்கும். மூன்று கடைகளுக்குக் கூட்டிச் செல்வார்கள். பகல் சாப்பாடு அவர்களுடையது, இரவுச் சாப்பாடும் அவர்களுடையது. மூன்றாம் நாள் ஓடர் புத்தகத்தை நீட்டும்போது, இத்தனை உபசாரத்துக்குப் பிறகு "நான் இன்னும் நாலு கடை பார்க்க வேண்டும்" என்று சொல்ல எமது பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை. விருந்தாளியாகிவிட்டவர் பேரம் பேசுவதற்கு வெட்கப்படுகிறார். இந்தப் பண்பு நம்மில் ஊறிய நல்ல பண்பு. கொள்வனவு செய்யப் போன இடத்தில் அதுவே நட்டமாக முடிகிறது.

நான் தரகர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. மொழி தெரியாத ஊரில் மொழிபெயர்க்கவும், பொருளின் தரம் பார்க்கவும், கட்டிய பொதியை எண்ணி ஏற்றவும் நம்பிக்கையான ஒருவர் தேவைதான். நேர்மையாகத் தொழில் செய்யும் எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவருடைய கூலி என்ன என்பதை முதலிலேயே பேசி, ஒரு நாளைக்கு இவ்வளவு அல்லது கொள்வனவில் இத்தனை வீதம் என்று வெளிப்படையாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வாங்குபவரிடமும் கூலி, விற்பவரிடமும் மறைவாகக் கொமிஷன் என்று இரண்டு கையாலும் வாங்குவது அமானிதத்துக்கு மாறானது. அறையை நீங்கள் எடுத்து, கூலியை நீங்கள் கொடுத்தால் அவர் உங்களுக்காக வேலை செய்பவராக இருப்பார். அறையை அவர் எடுத்துத் தந்தால் நீங்கள் அவருடைய சரக்காகிவிடுகிறீர்கள்.

ஸஹாபாக்களின் வாழ்க்கையில் இதற்கு ஓர் அழகான முன்மாதிரி இருக்கிறது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அது எந்த உள்நோக்கமும் இல்லாத தூய்மையான கொடை. அப்படியிருந்தும் அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள், அவருடைய பொருளில் பரக்கத் உண்டாகட்டும் என்று துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய் பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று வாங்கித் தொழிலைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் பெரும் செல்வந்தராக விளங்கினார்கள். தூய்மையான கொடையையே பணிவோடு தவிர்த்துச் சந்தையைத் தேடிப் போன அந்த வழிமுறை எங்கே, இலாபக் கணக்கோடு தரப்படும் அறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் எமது வழிமுறை எங்கே?

எந்தப் பகுதியில் தங்குவது?

குவாங்சோ ஒரே சந்தையுள்ள நகரம் அல்ல. புறக்கோட்டையைப் போல நாலு குறுக்குத் தெருவுக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள முடியாது. ஆகவே "நல்ல ஹோட்டல் எது" என்று கேட்பதற்கு முன் "நான் என்ன வாங்கப் போகிறேன்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயத்த ஆடை, பாதணி வாங்குபவருக்குக் குவாங்சோ ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி பொருத்தம். பைமா ஆடைச் சந்தை அங்கேதான் இருக்கிறது. கைப்பை, தோல் பொருட்கள் வாங்குபவருக்கு அதற்கு வடக்கே சன்யுவான்லி பகுதி. ரோல் துணி வாங்குபவர் ஆற்றுக்குத் தெற்கே ஹைசு பகுதியிலுள்ள சோங்தா துணிச் சந்தைக்குப் போக வேண்டும். விளையாட்டுப் பொருள், அலங்காரப் பொருள், காகிதாதிகள் என்றால் பழைய நகரத்திலுள்ள யீதே வீதி.

பல வகைப் பொருள் பார்க்க வேண்டிய ஒருவர் மெட்ரோ ரயிலின் 2ஆம் இலக்கப் பாதையில், ரயில் நிலையத்துக்கும் ஹைசு சதுக்கத்துக்கும் இடையில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு அருகில் தங்கினால் வசதி. அந்தப் பாதை சன்யுவான்லியையும் ரயில் நிலையத்தையும் இணைக்கிறது. ஹைசு சதுக்கத்திலிருந்து யீதே வீதி 6ஆம் இலக்கப் பாதையில் அடுத்த நிலையம். சாங்காங் நிலையத்தில் 8ஆம் இலக்கப் பாதைக்கு மாறினால் துணிச் சந்தைக்கும் அதற்கப்பால் கண்காட்சிக்கும் போகலாம்.

இங்கே ஒரு பழைய ஆலோசனையைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கென்டன் பெயாருக்குப் போவதென்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கு" என்று மூத்த முதலாளிமார் இப்போதும் சொல்வதுண்டு. அவர்கள் போன காலத்தில் அது சரி. கண்காட்சி அப்போது ரயில் நிலையத்துக்கு அருகே லியுஹுவா வீதியில் நடந்தது. 2008ஆம் ஆண்டிலிருந்து அது முழுமையாகப் பாசோவுக்கு மாறிவிட்டது. பாசோ நகரத்தின் மறு பக்கத்தில், பேர்ல் நதிக்குத் தெற்கே இருக்கிறது. கண்காட்சிக்கு மட்டுமே செல்பவர் பழைய ஆலோசனையைக் கேட்டு ரயில் நிலையத்தருகே அறை எடுத்தால் தினமும் நகரத்தைக் குறுக்கே கடந்துபோக வேண்டியிருக்கும்.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. நகரத்துக்கு வெளியே 180 யுவானுக்கு ஓர் அறை, சந்தைக்கு அருகில் 320 யுவானுக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இரவில் 700 யுவான் மிச்சம். ஆனால் போய்வர நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதலாகச் செலவானால் ஐந்து நாளில் பத்து மணித்தியாலம். மொத்தக் கடைகளில் பல மாலை ஆறு மணியளவில் பூட்டப்படுகின்றன. ஆக, பத்து மணித்தியாலம் என்பது ஒரு முழுநாள் கொள்வனவுக்கும் அதிகம். விமான டிக்கெட், விசா, சாப்பாடு எல்லாம் சேர்த்து உங்களது ஒரு நாள் எவ்வளவு பெறும் என்று கணக்குப் பாருங்கள். அது 700 யுவானை விட அதிகமாகத்தான் இருக்கும்.

எந்தக் காலத்தில் போவது?

அறை வாடகை வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கென்டன் கண்காட்சி ஏப்ரல் 15ஆம் திகதி தொடங்கி மே 5ஆம் திகதி வரையும், ஒக்டோபர் 15ஆம் திகதி தொடங்கி நவம்பர் 4ஆம் திகதி வரையும் மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதற் கட்டம் மின் உபகரணம், இயந்திரம், இரும்புச் சாமான்களுக்கு. இரண்டாவது வீட்டுப் பாவனைப் பொருள், அன்பளிப்புப் பொருள், கட்டடப் பொருட்களுக்கு. மூன்றாவது துணிமணி, பாதணி, விளையாட்டுப் பொருட்களுக்கு. அந்நாட்களில் நடுத்தர ஹோட்டல்களின் வாடகை வெகுவாக ஏறிவிடும். உங்களுடைய கொள்வனவு மொத்தச் சந்தையில்தான் என்றால் அந்த நாட்களைத் தவிர்ப்பதே புத்தி. கண்காட்சியே நோக்கம் என்றால் உங்கள் பொருளுக்குரிய கட்டம் எது என்று பார்த்து, பல வாரங்களுக்கு முன்பே அறையைப் பதிவு செய்யுங்கள். கண்காட்சிக்குப் போய்வர இலவச பஸ் விடும் ஹோட்டல்கள் இருக்கின்றன. அதையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

சீனப் புத்தாண்டுக் காலத்தில் அறை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் சந்தை பூட்டியிருக்கும், தொழிற்சாலைகளில் ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். பூட்டிய கடைத்தெருவுக்கு அருகில் மலிவான அறை எதற்கு? ஒக்டோபர் முதல் வாரத்தில் வரும் தேசிய விடுமுறையையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தொழுகையும் சாப்பாடும்

ஒரு முஸ்லிம் வர்த்தகருக்கு இதுவும் அறைத் தெரிவின் ஒரு பகுதி. ஹோட்டல் பதிவு செய்யும்போது காலை உணவோடு ஒரு விலையும் காலை உணவு இல்லாமல் ஒரு விலையும் காட்டுவார்கள். பன்றி இறைச்சி சமைக்கும் சமையலறையிலிருந்து வரும் அந்தக் காலை உணவில் எமக்குப் பாணும் பழமும் தவிர வேறெதுவும் மிஞ்சாது. காலை உணவு இல்லாத விலையைத் தெரிவு செய்து அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அறையிலுள்ள கேத்தலை யார் எதற்குப் பாவித்தார்கள் என்று தெரியாது. ஒரு சிறிய கேத்தலை ஊரிலிருந்து கொண்டு போவது நல்லது.

ரயில் நிலையத்துக்கு அடுத்த மெட்ரோ நிலையமான சியாவோபெய் பகுதியில் அரபு நாட்டவரும் ஆபிரிக்க வர்த்தகர்களும் நீண்ட காலமாக வந்து தங்குவதால் ஹலால் உணவகங்களும் சரக்கு ஏஜென்டுகளும் அங்கே நிறைய இருக்கின்றன. மற்றப் பகுதிகளிலும் சீன முஸ்லிம்கள் நடத்தும் லன்சோ நூடில்ஸ் கடைகளைக் காணலாம். கடைப் பலகையில் ஹலாலைக் குறிக்கும் "சிங்சென்" என்ற இரண்டு சீன எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஜும்ஆவுக்கு இரண்டு பள்ளிவாசல்களைச் சொல்கிறேன். ஒன்று பழைய நகரத்தில் குவாங்தா வீதியிலுள்ள ஹுவாய்ஷெங் பள்ளிவாசல். ஏறத்தாழ 36 மீற்றர் உயரமான அதன் மினாரா அக்காலத்தில் ஆற்றில் வந்த கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்ததாகச் சொல்வார்கள். மற்றையது யுவேசியு பூங்கா மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய சியன்சியன் பள்ளிவாசல். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் அங்கே அடக்கப்பட்டிருப்பதாகச் சீன முஸ்லிம்களின் மரபு சொல்கிறது. அவர்கள் மதீனாவில் அடக்கப்பட்டார்கள் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. எப்படியிருந்தாலும் வெள்ளிக்கிழமைகளில் அங்கே பல நாட்டு வர்த்தகர்களைச் சந்திக்கலாம். சரக்கு அனுப்புபவர் யார் நம்பிக்கையானவர் என்பதை ஜும்ஆவுக்குப் பிறகு நாலு பேரிடம் விசாரித்து அறிந்துகொள்வது தரகரின் ஒரு சொல்லை நம்புவதை விட மேலானது.

நடுத்தர விலை ஏன்?

மிக மலிவான அறைகளில் ஜன்னல் இல்லாதவை பல. படத்தில் தெரியாது, போன பிறகுதான் தெரியும். "ஜன்னல் உண்டா" என்று பதிவு செய்யும்போதே பார்க்க வேண்டும். லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாம் மாடிக்குச் சாம்பிள் பொதிகளைச் சுமப்பது எப்படி என்றும் யோசிக்க வேண்டும். மறுபக்கம், ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நீச்சல் தடாகத்துக்கும் கூடத்து விளக்குகளுக்கும் சேர்த்தே வாடகை கட்டுகிறோம். காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புபவருக்கு அவற்றால் பயனில்லை. கொள்வனவுக்குப் போகிறவருக்குத் தேவை நாலு விடயங்கள்: சுத்தமான கட்டில், சுடுநீர், சாம்பிள்களைப் பரப்பிப் பார்க்க ஓரளவு இடம், கடவுச்சீட்டைச் சரியாகப் பதியும் ரிசப்ஷன்.

கடைசியாகச் சொன்னது முக்கியமானது. சீனாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் பதியப்பட வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அதை ஹோட்டலே செய்துவிடும். நண்பருடைய அறையிலோ ஏஜென்டின் வீட்டிலோ தங்கினால் நீங்களோ தங்க இடம் தந்தவரோ அப்பகுதிப் பொலிஸில் பதிய வேண்டும். 2013 ஜூலையிலிருந்து நடைமுறையிலுள்ள சட்டப்படி பதியாதவருக்கு 2,000 யுவான் வரை தண்டம் விதிக்கலாம். "ஊர்க்காரர் ரூமில் ஓசியில் நின்றேன்" என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் சிறிய ஹோட்டல்கள் வெளிநாட்டவரை ஏற்க மறுப்பதுண்டு. அப்படி மறுக்கக் கூடாது என்று 2024ஆம் ஆண்டில் சீன அரசு அறிவித்தது. இருந்தாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் பதிந்து பழக்கமில்லாத இடத்தில் நள்ளிரவில் போய் நிற்பதை விட, முன்கூட்டியே எழுதிக் கேட்டு உறுதிப்படுத்துவது நல்லது.

இன்னும் சில சிறிய விடயங்கள். ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். டக்ஸிக்காரருக்கு ஆங்கில முகவரி உதவாது. கூகுள் அங்கே வழமை போல் வேலை செய்யாது. அலிபே, வீசெட் பே ஆகியவற்றில் வெளிநாட்டு வங்கி அட்டைகளை இணைக்கும் வசதி 2023ஆம் ஆண்டிலிருந்து விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஊரிலிருக்கும்போதே பதிந்துகொள்ளுங்கள். அறைக்குள் போகும்போது டிப்பொசிட் பணம் கேட்பார்கள். அதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அறையை ஒப்படைத்த பின் விமானத்துக்குப் போகும் வரை பொதிகளை வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கண்காட்சிக் காலம் அல்லாத நாட்களில் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். அறை பிடித்தால் நீடிக்கலாம். பிடிக்காவிட்டாலோ, உங்கள் பொருள் வேறொரு சந்தையில் மலிவாக இருப்பது தெரிந்தாலோ அடுத்த நாள் அந்தப் பக்கம் மாறலாம். பிறர் எடுத்துத் தந்த அறையில் இந்தச் சுதந்திரம் இல்லை.

2022ஆம் ஆண்டில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிப் போனதை நாம் மறந்துவிடவில்லை. அந்த அடியில் பூட்டிய கடைகள் எத்தனையோ. அதிலிருந்து எழும்பி மீண்டும் கொள்வனவுக்குப் போகும் சிறிய வர்த்தகருக்கு ஒவ்வொரு யுவானும் வியர்வை. அந்த யுவானைக் காப்பாற்ற வேண்டிய இடம் அறை வாடகை அல்ல, கொள்வனவு விலை. பிள்ளைகளை முதன்முறையாக அனுப்பும் தந்தைமாருக்கும் மூத்த சகோதரர்களுக்கும் எனது வேண்டுகோள் இதுதான். தெரிந்த தரகரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு அறை வாடகைக்கான பணத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், சொந்தக் காசில் எடுத்த அறையின் திறப்பு சட்டைப்பையில் இருக்கும்போது, விலை பொருந்தாத கடையிலிருந்து எழுந்து வருவது அவருக்கு இலகுவாக இருக்கும்.